மூன்றாவது பந்து

ஐம்பத்தெட்டு வருஷம் பிராணாயாமம் செய்தவன் நான். ஏழு வயதில் பூணூல் போட்ட நாள் முதல் காலையும் மாலையும் மூக்கைப் பிடித்திருக்கிறேன். அதனால், வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய மறுவாரம், மூச்சுவிடச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்து நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலாவில் தையல் இழுக்கும். முகத்தை மட்டும் கொஞ்சம் கோணலாக வைத்துக்கொண்டேன்.

"எனக்கு இதெல்லாம் சின்ன வயசிலேயே பழக்கமாக்கும்" என்றேன்.

"அப்படியா சாரே? அப்போ ஒண்ணு செஞ்சு காட்டுங்க."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். கட்டைவிரலையும் மோதிரவிரலையும் மூக்கின் மேல் வைத்தேன். உதடு அசைய மந்திரத்தைச் சொன்னேன். கையை எடுத்துக் காதைத் தொட்டு முடித்தேன்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சாரே, மூச்சு எடுக்கவே இல்லையே?"

"எடுத்தேனே."

"இல்ல. நான் நெஞ்சைத்தானே பார்த்துட்டு இருந்தேன். மூக்கைத் தொட்டீங்க, வாய் அசைஞ்சது, விட்டுட்டீங்க. நாலு செகண்ட். நெஞ்சு அனங்கவே இல்ல, ஒரு அசைவும் இல்ல."

அடுக்களையிலிருந்து என் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. "அம்மா இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா" என்று அங்கிருந்தே சொன்னாள்.

ஆடிப்போய்விட்டேன். ஏனென்றால் அந்தப் பெண் சொன்னது அட்சரசுத்தமான உண்மை. காலை எட்டரை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனுக்கு மூச்சை உள்ளே இழுத்து, நிறுத்தி, விட எங்கே நேரம்? என் அப்பா அப்படித்தான் செய்தார். சித்தப்பாவும் அப்படித்தான். மலையாள நாட்டில் எங்கள் கரமனைத் தமிழ்த் தெருவில் அத்தனை ஆண்களும் மூக்கைத் தொட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினவர்கள்தான். மந்திரத்தில் ஒரு எழுத்து தப்பிவிடக்கூடாதே என்று பயந்திருக்கிறோம். அதற்குள் மூச்சு என்று ஒன்று இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சொன்னார்களோ என்னவோ, நான் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு வருஷம் கடவுள் காதிலேயே பூ சுற்றியிருக்கிறேன்.

அவள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கருவியை எடுத்து மேஜையில் வைத்தாள். பக்கத்தில் பக்கத்தில் மூன்று குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய பந்து. ஒரு டியூபை வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வாங்கி, பலத்தையெல்லாம் திரட்டி ஊதினேன். பந்து ஒன்றும் அசையவில்லை.

"ஊதக்கூடாது சாரே. உள்ள இழுக்கணும்."

இழுத்தேன். முதல் பந்து பாதி வரை ஏறி, பொத்தென்று விழுந்தது. எனக்கு நெற்றி வேர்த்துவிட்டது.

"முதல் நாள் அல்லே. மூணும் மேல ஏறும், பாருங்க" என்றாள்.

அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்துக் கடற்கரை ஊரான விழிஞ்ஞத்துக்காரி. பிசியோதெரபி படித்தது நாகர்கோவில் பக்கம் என்பதால் தமிழ் பேசுவாள். வாக்கியத்துக்கு ஒரு தடவை மலையாளம் எட்டிப்பார்க்கும். எங்கள் தெருத் தமிழும் ஏறக்குறைய அந்த லட்சணம்தான் என்பதால் எங்களுக்குள் தகராறு இல்லை. வீட்டில் வேறு ஆளில்லாத நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியே ஆளனுப்பும் ஏற்பாடு ஒன்று இருந்தது. மகள் மூன்று வாரத்தில் பெங்களூர் திரும்பிவிடுவாள் என்பதால் என் பெயரையும் அதில் சேர்த்திருந்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணி எனக்கு.

வியாதியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விடாத இருமலுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், நுரையீரலில் கட்டி தெரிந்தது. சீக்கிரமே பிடித்துவிட்டோம், அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் போதும் என்றார்கள், எடுத்தார்கள். பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி: சிகரெட் உண்டா? உண்டு. நான் நீர்ப்பாசன ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன். வரைபலகைக்கு முன்னால் உண்டு, தம்பானூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது உண்டு. நான்கு வருஷம் முன்பு மனைவி இறந்த அன்று விட்டேன். அவள் இருக்கும்போதே விட்டிருந்தால் அவளாவது சந்தோஷப்பட்டிருப்பாள்.

மூன்று வாரம் முடிந்து மகள் கிளம்பினாள். ஆட்டோவில் ஏறும்போது, "நீ நன்னா தேறிட்டேப்பா, அதனாலதான் தைரியமா போறேன்" என்றாள். அவளுக்கு வேலை இருக்கிறது, பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிறான். தப்பே சொல்ல மாட்டேன். எதிர்வீட்டு மாமி அதன்பிறகு இரண்டு வாரம் தினமும் குழம்பும் ரசமும் கொடுத்துவிட்டார். ஒருநாள் நான் கேட் வரை நடந்து பேப்பரை எடுப்பதைப் பார்த்துவிட்டு, "அட, நன்னா ஓடியாட ஆரம்பிச்சாச்சே!" என்று சந்தோஷப்பட்டார். அடுத்த நாள் முதல் குழம்பு நின்றுவிட்டது. அவரையும் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு எனக்குப் புரிய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் என்னைச் சுற்றி ஆறு பேர் நின்றார்கள். கொஞ்சம் தேறியதும் மகள் மட்டும். இன்னும் தேறியதும் மாமி. நான் ஒரு படி ஏற ஏற, ஒரு ஆள் குறைகிறார்.

மிச்சம் இருந்தது செவ்வாயும் வெள்ளியும்தான்.

மற்ற நாட்களை எப்படிச் சொல்வது? டிவியைப் போட்டு வைப்பேன், பார்க்க மாட்டேன். பக்கத்து வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது; இன்னொன்றில் டியூஷன் சென்டர், சாயங்காலம்தான் திறக்கும். இருமல் வரும்போது தலையணையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள், தையலுக்கு அது தாங்கல். நான் மனைவியின் தலையணையை எடுத்துக்கொண்டேன். முதல் தடவை அதைக் கட்டிக்கொண்டு இருமிவிட்டு, இருமல் நின்ற பிறகும் விடாமல் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அழுதுதான் தீர்த்தேன்.

செவ்வாய், வெள்ளி என்றால் ஒன்பதரைக்கே சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வாசலில் ஆஸ்பத்திரி ஸ்கூட்டர் நிற்கும் சத்தம் கேட்கும். முதலில் என் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி ஆக்ஸிஜன் பார்ப்பாள். பிறகு முதுகில் கையைக் குவித்துத் தட்டுவாள். பிறகு பந்து. கடைசியில் நடை. ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறேன் என்று அளக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அதற்கு நீண்ட வராந்தா உண்டு. வீடுகளில் இடம் கிடைக்காமல் திண்டாடுவாளாம். எங்கள் வீட்டைப் பார்த்ததும் குஷியாகிவிட்டாள். அக்ரஹாரத்து வீட்டுக்கு அகலம்தான் கிடையாது, நீளத்துக்கு என்ன குறை? வாசல் கதவிலிருந்து ரேழி, கூடம், அடுக்களை, கிணற்றடி என்று ரயில்பெட்டி மாதிரி நேர்கோட்டில் போகும். டேப் பிடித்து அளந்தோம். இருபத்து நாலு மீட்டர். முப்பத்தொரு வருஷம் பிளான் வரைந்தவன், பிறந்த வீட்டை அன்றுதான் அளந்தேன்.

நடக்கும்போது வாயைக் குவித்து மெல்ல மூச்சை வெளியே விடப் பழக்கினாள். அப்போதுதான் அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். கடலுக்கடியில் பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியைப் பெயர்த்தெடுப்பது அவர் தொழில். டியூப், சிலிண்டர் ஒன்றும் கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு முங்குவார்.

"மேல வந்ததும் ஹூன்னு ஒரு சத்தம் விடுவார் சாரே. தலை தண்ணிக்கு வெளிய வந்ததும் அதான் முதல்ல. அம்மா கரையில பாறை மேல உக்காந்து அந்த சத்தத்துக்குத்தான் காத்திட்டு இருப்பா."

"கேட்டதும்?"

"கேட்டதும் என்ன? எழுந்து அவ ஜோலியைப் பார்க்கப் போவா" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். விலா இழுக்கவில்லை. அதையும் அவளிடம் சொன்னேன், நோட்டில் எழுதிக்கொண்டாள். என்னைப் பற்றி ஒருவர் ஏதாவது எழுதிக்கொள்கிறார் என்பதே எனக்கு என்னவோ போல் இருந்தது.

ஆபரேஷன் முடிந்து ஏழாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை, காபி குடித்துவிட்டு உட்கார்ந்து இழுத்தேன். முதல் பந்து ஏறியது. இரண்டாவது ஏறியது. மூன்றாவது கொஞ்சம் நடுங்கி, டக்கென்று மேலே போய் ஒட்டிக்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும்வரை நின்றது.

"ஏறிடுத்து!" என்று கத்தினேன்.

கூடத்தில் யாருமில்லை. யாருமில்லை என்று தெரிந்துதானே கத்துகிறேன், ஆனாலும் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மகளுக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. சரி, வெள்ளிக்கிழமை இருக்கிறதே என்று வைத்துக்கொண்டேன். இரண்டு நாளும் பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பையன் மாதிரி வீட்டுக்குள் நடந்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். கருவியை எடுத்து மேஜையில் வைத்தாள். நானும் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவள் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "இந்த மூணாவது பந்து ஒண்ணு ஏறிடுச்சுன்னா சாருக்கு என் தொல்லை விட்டுச்சு. பின்ன மாசத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டினா போதும்" என்றாள். நல்ல சேதி சொல்கிற முகத்தோடுதான் சொன்னாள்.

வாயை மூடிக்கொண்டேன். டியூபை எடுத்து உதட்டில் வைத்தேன். இழுக்கும்போது உதட்டின் இடது ஓரத்தை நூலளவு தளர்த்திவிட்டேன். அவ்வளவுதான். இரண்டு பந்து ஏறியது, மூன்றாவது அடியிலேயே கிடந்தது.

"பரவால்ல சாரே, அடுத்த வாரம்" என்றாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. ஐம்பத்தெட்டு வருஷம் எடுக்காத மூச்சை எடுத்ததாகக் காட்டியவனுக்கு, எடுக்கிற மூச்சை எடுக்கவில்லை என்று காட்டுவது என்ன பிரமாதம்? நான் கைவேலைக்காரன், எதையும் பாதியில் விட மாட்டேன். நடையிலும் கையை வைத்தேன். ஆறு நிமிஷத்தில் பதினாறு நடை போகக்கூடியவன், பத்தோடு நிறுத்திக்கொண்டேன். கிணற்றடியில் திரும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பேன். அவள் ஓடி வந்து கையைப் பிடிப்பாள். சொல்லக் கூசுகிறது, அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நின்றேன். அவள் போன பிறகு, தனியாக, மூன்று பந்தையும் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மூன்று வாரம் போயிற்று. அவள் சிரிப்பது குறைந்தது. விரலில் கிளிப்பை மாட்டிப் பார்ப்பாள், ஆக்ஸிஜன் நன்றாக இருக்கும். நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துக் கேட்பாள். நோட்டைப் பார்ப்பாள். "இது என்னன்னு எனக்குப் பிடி கிடைக்கலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஒருநாள், "சாரே, பழைய இருமல் திரும்ப வந்துச்சா? ரத்தம் ஏதாவது?" என்று கேட்டாள். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் என்ன நினைக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாமா? சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் எக்ஸ்ரேயும் மூச்சின் அளவு பார்க்கும் டெஸ்ட்டும் எழுதினார். என் மகளுக்கும் அவளே போன் செய்தாள். அன்று சாயங்காலம் மகள் என்னைக் கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது.

"அப்பா, நான் லீவ் போட்டுட்டேன். ஞாயித்துக்கெழமை ட்ரெயினுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. பத்து நாள் இருப்பேன். நீ ஒண்ணும் பயப்படாதே, கேட்டியா?"

"என்னத்துக்கும்மா சிரமம்" என்றேன். போனை வைத்துவிட்டு, அவளுக்குப் பிடித்த மாங்காய்த் தொக்கு பாட்டிலில் இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தேன். என்ன ஜென்மம் நான்!

டெஸ்ட் சனிக்கிழமை. இங்கே ஆஸ்பத்திரியில் கூட ஆள் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. நோயாளியோடு வருகிறவருக்கு பைஸ்டாண்டர் என்று பெயர். கவுன்டருக்குக் கவுன்டர் அவரைத்தான் தேடுவார்கள். மகள் ஞாயிறுதான் கிளம்புகிறாள். "சனிக்கிழமை எனக்கு லீவுதான், நான் வரேன் சாரே" என்றாள் அந்தப் பெண். விழிஞ்ஞத்திலிருந்து பஸ் பிடித்து, யூனிஃபார்ம் இல்லாமல் ஒரு நீலச் சுடிதாரில் வந்தாள். ஆட்டோவில் என் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். எக்ஸ்ரே முடிந்து பெஞ்சில் காத்திருந்தபோது எனக்குச் சாயாவும் பருப்புவடையும் வாங்கி வந்தாள். அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப்பார்த்து என் பெயரைச் சொல்லி, "பைஸ்டாண்டர் ஆரு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்று கையைத் தூக்கினாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்துவிட்டேன், இதையும் சொல்லியாக வேண்டும். அத்தனை திருட்டுத்தனத்துக்கும் நடுவில், அந்த பெஞ்சில், எனக்கு ஒரு ஆள் இருக்கிறாள் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

டெஸ்ட் அறையில் ஒரு கண்ணாடிக் கூண்டு, பக்கத்தில் கம்ப்யூட்டர். மூக்கில் கிளிப் மாட்டினார்கள். நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் கடைசிவரை ஊத வேண்டும். டெக்னீஷியன் பக்கத்தில் நின்று, "ஊது, ஊது, ஊது, ஊது" என்று படகுப்போட்டி வள்ளம்களிக்காரன் மாதிரிக் கத்தினார். நான் என் வித்தையைக் காட்டினேன். பாதி ஊதி நிறுத்தினேன். இரண்டாம் தடவை கொஞ்சம் குறைத்தேன். மூன்றாம் தடவை எவ்வளவு குறைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

டெக்னீஷியன் முகத்தைச் சுளித்தார். "மூணும் மூணு மாதிரி இருக்கே. சுகமில்லாதவர் ஊதினாலும் மூணு தடவையும் ஒண்ணு போலத்தான் வரும்" என்று சொல்லிக் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

திரையில் என் மூச்சுக் கோடாக இருந்தது. செங்குத்தாக மேலே போய், ஒழுங்காகச் சரிந்து கீழே வர வேண்டிய வளைவு. அடியில் மங்கலாக அந்தச் சரியான வளைவும் போட்டிருந்தது. அதன் மேல் என்னுடைய மூன்று கோடுகள். ஒன்று பாதியில் நொண்டியது, ஒன்று பல் பல்லாக இருந்தது, ஒன்று எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ விழுந்திருந்தது. முப்பத்தொரு வருஷம் வாய்க்கால் வளைவு வரைந்தவன் நான். இப்படி ஒரு கோட்டை ஆபீசில் எவனாவது போட்டிருந்தால் தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அவமானமா, ரோஷமா, தெரியாது.

"இன்னொரு தடவை" என்றேன்.

உதட்டை இறுக்கிக்கொண்டேன். அடிவயிறு வரை இழுத்தேன். விட்டேன். "ஊது ஊது ஊது" என்று கத்திக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, திரையையே பார்த்தார். கோடு நிமிர்ந்து ஏறி, வழுவழுவென்று இறங்கி வந்தது. மறுபடியும் ஊதினேன். அதன் மேலேயே படிந்தது. மூன்றாவதும் படிந்தது.

"ஒரு பகுதி எடுத்த ஆளுக்கு இது அசலா, ஜோரா இருக்கே! முதல்ல என்ன ஆச்சு?" என்று டெக்னீஷியன் கேட்டார்.

கதவருகே நின்றிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

"சாருக்கு இப்போதான் ஊதற வசம் வந்துச்சு" என்று டெக்னீஷியனிடம் சொன்னாள்.

எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தது. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போர்ட்டிகோவுக்கு வந்து ஆட்டோவுக்கு நின்றோம். அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான், "மூணாவது பந்து எத்தனை நாளா ஏறறதுன்னு கேட்க மாட்டியாம்மா?" என்றேன்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரம்."

அவள் கண் நிறைந்துவிட்டது. கோபம்தான் அது. "மூணு வாரமா நான் உறங்கலை சாரே. நான் சொல்லிக்கொடுத்ததுதான் தெத்திப்போச்சோ, தப்பாயிடுச்சோன்னு நினைச்சேன். இல்லேன்னா அந்த வியாதி திரும்ப வந்துடுச்சோன்னு. சாரோட மகள்கிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னு ராவும் பகலும் பயந்து பேடிச்சுட்டு இருந்தேன்."

"மன்னிச்சுக்கோம்மா. நீ வராம போயிடுவேன்னு..." மேலே சொல்ல வரவில்லை. மூச்சு இல்லாததால் அல்ல.

அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆள் வேணும்னா ஆள் வேணும்னு சொல்லணும் சாரே. மூச்சு இல்லேன்னு சொல்லக்கூடாது."

ஆட்டோ வந்தது. என்னை ஏற்றிவிட்டு, ஃபைலை மடியில் வைத்து, டிரைவரிடம் கரமனைக்கு வழி சொன்னாள். "மாசம் ஒரு தடவை வந்து காட்டுங்க. நடையை விடக்கூடாது, கேட்டீங்களா?" என்றாள். கோபத்திலும் அதைச் சொல்ல மறக்கவில்லை. இத்தனை செவ்வாயும் பத்து மணிக்கு வேறொரு வீட்டில் வேறொருவர் காத்திருந்திருப்பார், நான் மூன்று வாரம் பிடித்து வைத்திருந்த நேரத்துக்கு.

அன்று சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். அந்தப் பெண் ரிசல்ட்டை மட்டும் சொல்லியிருக்கிறாள். என் திருட்டை யாரிடமும் சொல்லவில்லை. "அப்பா! எல்லாம் நார்மலாமே! என் வயித்துல பாலை வார்த்தே! அப்போ டிக்கெட்டை கேன்சல் பண்ணிடறேன். இவனுக்கு வேற பரீட்சை வரது. மே மாசம் எல்லாருமா வரோம்" என்றாள். "சரிம்மா, பிள்ளையைப் பாரு" என்றேன். மாங்காய்த் தொக்கு பாட்டிலை மேல் அலமாரியில் திருப்பி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு, பழக்க தோஷம், சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து அடித்தது. ஸ்கூட்டர் ஒன்று தெருவில் வந்தது, நிற்காமல் போயிற்று. கருவியை எடுத்து இழுத்தேன். மூன்று பந்தும் ஏறி நின்றன. யாரும் நோட்டில் எழுதவில்லை. எழுந்து நடந்தேன். வாசலிலிருந்து கிணற்றடி, கிணற்றடியிலிருந்து வாசல். ஆறு நிமிஷத்தில் பதினேழு நடை. திரும்புகிற இடத்தில் சுவரைப் பிடிக்கவில்லை. பிடிக்க அவசியமும் இல்லை, ஓடி வர ஆளும் இல்லை.

கூடத்தில் வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண் சொன்னது மறுபடி காதில் விழுந்தது. ஆள் வேண்டும் என்றால் ஆள் வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதுவரை நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. மனைவியிடம்கூட, அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில்கூட, "வீட்டுக்கு வா" என்றுதான் சொன்னேன், "எனக்கு நீ வேணும்" என்று சொல்லவில்லை. வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இப்போது அந்த அளவுக்கு மூச்சு இருக்கிறது. மகளின் நம்பரை அழுத்தினேன்.

மூன்றாவது மணியில் எடுத்தாள். ரகசியக் குரல். பின்னால் யாரோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். "என்னப்பா? இந்த நேரத்துல? மூச்சு முட்டறதா?"

"இல்லைம்மா. மூச்செல்லாம் நன்னா இருக்கு. எனக்கு..."

"அப்பாடா! பயந்தே போயிட்டேன். அது போறும் எனக்கு. மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் கூப்பிடறேன்."

போன் அணைந்தது. கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவளை என்ன குறை சொல்வது? கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள், அவள் ஜோலியைப் பார்க்கப் போய்விட்டாள். மூச்சைப் பற்றி முதலில் சொன்னது என் தப்பு.

நன்றாக இழுத்து, நிறுத்தி, மெல்ல விட்டேன். மறுபடியும் அவள் நம்பரை அழுத்தினேன். இந்தத் தடவை ஆளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது, நான் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.